ஆரத்தி நிறத்தில் ஒரு கல்

சுரேந்தர் எழுந்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சினான். காபி குடித்தான். குளித்தான். ஈரத் துண்டோடு வெளியே வந்து கெய்சர் சுவிட்சை அணைத்தான். கதவைப் பூட்டுவதற்கு முன் திரும்பப் போய், சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான். போன வருஷத்திலிருந்து எல்லாக் காலையும் இப்படித்தான். இதில் நல்ல காலை, கெட்ட காலை என்று எதுவும் கிடையாது.

அவனுடைய அலுவலகம் கோயமுத்தூர் காந்திபுரத்தில், டவுன் பஸ்கள் மூச்சு முட்டத் திரும்பும் முனையில், ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது. 'துப்பறியும் நிறுவனம்' என்று பலகை உண்டு. ஆனாலும் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்து மாடி மாறியவர்கள்.

உதவியாளர் யுஸ்ரா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். கோட்டைமேட்டுப் பெண். சட்டம் படித்தவள். கோர்ட்டில் பேசியிருக்க வேண்டியதையெல்லாம் சுரேந்தரிடம் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடியும் அதே நீலச் சட்டை. சார், நீங்க காணாமப் போனா போலீஸுக்கு போட்டோ கூடத் தேவையில்ல. இந்தச் சட்டைய நீட்டினாப் போதும்."

"ஃபைல்?"

"குட்மார்னிங் யுஸ்ரான்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?"

"குட்மார்னிங் யுஸ்ரா. ஃபைல்?"

ஃபைலை மேசையில் போட்டாள்.

பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு ஆலை. நிலக்கரித் தூளை எரித்து வாயுவாக்கி விற்கிறார்கள். எரிக்கும் கலனுக்கு கேசிஃபையர் என்று பெயர். நாலு மாடி உயரம். உள்ளே இருக்கும் சூட்டுக்கு இரும்பு மெழுகாய் உருகிவிடும். உருகாமல் காப்பது உட்புறம் சுற்றி அடுக்கியிருக்கும் தீக்கல் சுவர்தான். வருஷக்கணக்கில் தாங்க வேண்டிய அந்தச் சுவர் சில மாதங்களிலேயே பெயர்ந்துவிட்டது. பெயர்ந்த இடத்தில் இரும்பு சிவந்து, வீங்கி, கிழிந்தது. மேல்தளத்தில் நின்றிருந்த ஷிஃப்ட் இன்ஜினியர் பிரவீனா அங்கேயே இறந்துபோனாள். அவளோடு வேலையில் இருந்த ஆபரேட்டர் காளிச்சாமி உயிரோடு இறங்கிவிட்டார்.

இறங்கியதுதான் வினை. அவர் சூட்டை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டு, கல் பெயர்ந்ததும் பிரவீனாவை விட்டுவிட்டு ஓடினார் என்பது வழக்கு. அப்படியே எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. இன்று பொழுது சாயும்போது அவரைக் கைது செய்யப்போகிறார்கள்.

சுரேந்தரை அமர்த்தியது ஆலையின் மேனேஜர் சபரீஷ். வெளியாள் ஒருவர் விசாரித்து அறிக்கை தரவேண்டும் என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது.

"கையெழுத்தே போட்டுட்டாரு. இதுக்கு மேல எதைத் துப்பறியறது?" என்றாள் யுஸ்ரா. "மேனேஜர் சொன்னதை டைப் பண்ணி அனுப்பிரலாமே. பிரியாணிக்கு நேரமாவது மிச்சமாகும்."

"அவர் சொன்னதை இன்னொரு தடவை படி."

யுஸ்ரா படித்தாள். விபத்துக்குச் சற்று முன் பிரவீனா சபரீஷுக்குப் போன் செய்திருக்கிறாள். 'சார், கல்லு நல்லாத்தான் இருக்குதுங்க. காளிச்சாமிதான் சூட்டை அளவுக்கு மேல ஏத்திட்டாரு.' அதுதான் அவள் கடைசியாகப் பேசியது என்று சபரீஷ் சொல்கிறார்.

"இதுல என்ன சார் தப்பு?"

"தப்பே இல்ல. அதான் தப்பு. கடைசிப் பேச்சு இவ்வளவு உபயோகமா இருக்காது."

யுஸ்ரா ஃபைலை மூடிக் கைப்பையில் வைத்தாள்.

மனைவி ரித்திகா லாரியில் அடிபட்டு இறந்தபின், துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவளுடைய அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: 'அவரை நல்லாப் பாத்துக்கங்கன்னுதான் கடைசியாச் சொன்னா.' சுரேந்தர் மறுக்கவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ரித்திகா கடைசியாகச் சொன்னது, கெய்சரை அணைக்கச் சொல்லி.

"வண்டிய எடு," என்றான்.

*

முதல் சந்தேகம் ராசப்பன்மேல். தீக்கல் செய்து கொடுத்தவர் அவர். பட்டறை பெருந்துறையிலிருந்து கோபிசெட்டிபாளையம் போகும் சாலையில், தென்னைக்கு நடுவே இருந்தது. கார் நெருங்கும்போதே உள்ளிருந்து யாரோ கேட்டைச் சாத்துவது தெரிந்தது.

"கேட்டைச் சாத்துற ஆளு ஒண்ணு திருடனா இருக்கணும், இல்ல ஆடு வளர்க்கணும்," என்றாள் யுஸ்ரா.

கேட் திறந்தபோது இரண்டு வெள்ளாடுகள் எட்டிப் பார்த்தன. அவற்றுக்குப் பின்னால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ராசப்பன்.

"வாங்க, வாங்க. ஏனுங்க அம்மணி, வெயில்ல வந்திருக்கறீங்க. மோர் குடிங்க மொதல்ல."

"நாங்க பெருந்துறை கேசிஃபையர் விசயமா..." என்று ஆரம்பித்தான் சுரேந்தர்.

ராசப்பனின் முகம் சட்டென்று இறுகியது. "அந்த ஆலையப் பத்தி எங்கிட்டக் கேக்காதீங்க. மோரக் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க."

"ஒரு பொண்ணு செத்துப்போயிருக்காங்க."

"தெரியுமுங்க. அந்தக் கண்ணு இங்க வந்து, இதே கட்டில்ல உக்காந்து, என்ற கல்லுகளத் தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போச்சு. அதுக்கு மேல நான் பேசறதா இல்லீங்க."

பேச விருப்பமில்லாதவனிடம் அவனுடைய தொழிலைப் பற்றிக் கேட்டால் பேசுவான். சுரேந்தர் அடுக்கியிருந்த கரும்பச்சைக் கல் ஒன்றைக் கையில் எடுத்தான். எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு கனம்.

"இது எப்படிங்க அந்தச் சூட்டைத் தாங்குது?"

ராசப்பன் கல்லை அவன் கையிலிருந்து வாங்கி அடுக்கில் வைத்தார். பிறகு தாங்க முடியவில்லை.

"சூடு பெரிய விசயமே இல்லீங்க. குரோமியக் கல்லு, எந்தச் சூட்டுக்கும் நிக்கும். எதிரி சாம்பல். கரி எரிஞ்சா சாம்பல் வரும். அந்தச் சூட்டுல சாம்பலே உருகி, ரசமாட்டம் சுவத்துல வழியும். கல்லுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக இருக்குதில்லீங்க? அது வழியா உள்ள எறங்கிரும். ரசத்துல ஊறுன வடையக் கையில எடுத்திருக்கறீங்களா?"

"எடுத்தா பாதி மறுபடி ரசத்துல விழுந்திரும்," என்றாள் யுஸ்ரா.

"அதேதானுங்க அம்மணி. அடுப்ப நிறுத்தி நிறுத்திப் பத்த வெக்கறப்ப, ஊறுன பக்கம் பத்தை பத்தையாப் பேந்து விழுந்துரும். அதுக்குத்தான் பாஸ்பேட் சேக்கறது. ரசம் கல்லத் தொட்டதும் பாஸ்பேட்டு அதக் கெட்டிக் கொழம்பாக்கிப் போடும். கெட்டியானது எப்படி உள்ள எறங்கும்? மேலயே நின்னுக்கும். கல்லுக்கு ஆயுசு கூடும்."

"நீங்க பாஸ்பேட் சேர்க்காம அனுப்பியிருந்தா?"

"ஏனுங்க தம்பி, மோரக் கையில வெச்சுட்டுக் கேக்கற கேள்வியா இது?"

சுரேந்தர் சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கலவை வாருகிற மண்வெட்டிகள். எல்லாம் கறுப்பு. ஒன்றில்கூடச் செந்துரு இல்லை. ஆனால் கேட்டின் கீல், தண்ணீர்க் குழாய் எல்லாம் செக்கச்செவேலென்று துருப்பிடித்திருந்தன.

"மம்பட்டிக்கெல்லாம் பெயின்ட் அடிப்பீங்களா?"

"மம்பட்டிக்கு யாருங்க பெயின்ட் அடிப்பாங்க? பாஸ்பாரிக் ஆசிட்டு கலக்கறமில்லீங்க, அது பட்டுச்சுன்னா துரு கறுத்துப்போகும்."

சுரேந்தர் யுஸ்ராவைப் பார்த்தான். கல்லை ஒரு நாளில் மாற்றி வைக்கலாம். வருஷக்கணக்காய் ஆசிட் குடித்துக் கறுத்த மண்வெட்டிகளை, விருந்தாளி வருகிறான் என்று அவசரத்துக்குச் செய்து வைக்க முடியாது.

"அப்ப இவரு இல்லியா?" என்று யுஸ்ரா அவன் காதருகில் கேட்டாள். "அப்பாடா. மோர் ரெண்டாவது டம்ளர் கேக்கலாம்னு இருந்தேன்."

போன் அடித்தது. சபரீஷ்.

"ஏனுங்க சுரேந்தர், ரிப்போர்ட் ஆச்சுங்களா? பொழுதோட போலீஸ் போறாங்க. அதுக்குள்ள கெடச்சா நெம்ப உதவி. எங்க இருக்கறீங்க?"

"வழியில."

"ராசப்பன் பட்டறைக்கெல்லாம் போக வேண்டாமுங்க. கோவக்காரர். உங்க நெலமைக்கு எதுக்குங்க இந்த அலைச்சல்?"

உங்கள் நிலைமைக்கு. எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அமர்த்தியவனே அலையாதே என்று சொல்வது புதிது. சுரேந்தர் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

யுஸ்ரா ஆபீஸ் அறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி படங்களுக்குக் கீழே ஒரு தீக்கல், குலதெய்வம் மாதிரி உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு.

"அது மொதல் கல்லுங்க," என்றார் ராசப்பன். "ஒவ்வொரு லோடுலயும் மொதல் கல்லுக்கு மஞ்சப் பூசித்தான் வெளிய அனுப்பறது. அடுப்புல அடுக்கறப்பவும் அப்படித்தான். பூசை பண்ணி, மொதல் கல்லுக்கு மஞ்சப் பூசி வெப்போம்."

யுஸ்ரா மெதுவாகத் திரும்பினாள். "சார், ஃபைல்ல பூஜை போட்டோ ஒண்ணு இருக்குதுல்ல?"

இருந்தது. சபரீஷே கொடுத்தது. கல் அடுக்கத் தொடங்கிய நாளில் எடுத்த படம். நடுவில் மாலையோடு சபரீஷ், கேமராவுக்குப் பல் காட்டிக்கொண்டு. ஓரத்தில் ஹெல்மெட் போட்ட பிரவீனா. கல்லுக்கு மஞ்சள் பூசியது அவள்தான். வலது கை விரல்கள் மஞ்சளாக இருந்தன. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குங்குமம் வழிஞ்சிருக்குதுன்னு நெனச்சுட்டிருந்தேன்," என்றாள் யுஸ்ரா. "பொட்டு நடுவுல தனியா இருக்கு சார். பூசினது முழுக்க செவப்பா இருக்கு. விரல்ல மஞ்சள். கல்லுல செவப்பு. ஒரே கிண்ணத்து மஞ்சள்தானே?"

மூவரும் படத்தைப் பார்த்தார்கள்.

"எங்க பக்கத்து வீட்டு மீனாக்கா கல்யாணத்துல நான்தான் ஆரத்தித் தட்டு பிடிச்சேன். மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா..."

"செவக்கும்," என்றான் சுரேந்தர். "காரம் பட்டா மஞ்சள் செவக்கும். ராசப்பண்ணா, பாஸ்பேட் கல்லுல காரம் இருக்குமா?"

"எப்படிங்க இருக்கும்? அது ஆசிட்டுல பொறந்த கல்லு." ராசப்பனின் குரல் இறங்கியிருந்தது. "பாஸ்பேட்டுக்குப் பதுலா வாட்டர் கிளாஸ் பசைய ஊத்தி ஒட்டறவங்க இருக்கறாங்க. மலிவு. அது கடுங்காரம். பச்சைச் சாயம் போட்டுட்டா பாக்கறதுக்கு அச்சு அசலா இதாட்டமே இருக்கும்."

சுரேந்தர் காரிலிருந்து ஒரு துண்டுக் கல்லை எடுத்து வந்தான். முந்தின நாள் விபத்து நடந்த இடத்தைப் பார்க்கப் போனபோது அவனே பொறுக்கியது. இரும்பை ஒட்டியிருந்த, சூடு அதிகம் படாத பின்பக்கம். ராசப்பன் மஞ்சள் தூளைக் குழைத்து, பட்டறைக் கல்லில் ஒரு விரல் இழுத்தார். மஞ்சள், மஞ்சளாகவே இருந்தது. துண்டுக் கல்லில் இழுத்தார். இழுத்த விரலை எடுப்பதற்குள் கோடு ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்துவிட்டது.

"இது என்ற கல்லு இல்லீங்க," என்றார். துண்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். "என்ற கல்லே இல்லீங்க."

"இங்கிருந்து யார் எடுத்துட்டுப் போனாங்க?"

"எப்பவும் நாங்கதான் கொண்டுபோய் எறக்குவோம். அந்தத் தடவ சபரீஷு அவரே லாரி அனுப்பிப்போட்டாரு."

"பூஜை அன்னைக்கு நீங்க பார்த்திருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்க."

"தூரத்துல நின்னு பாத்தாலே தெரிஞ்சிருக்கும்." ராசப்பன் கட்டிலில் உட்கார்ந்தார். "எந்த அடுப்புக்கும் மொதல் கல்ல நான்தானுங்க வெப்பேன். தட்டத்துல வெத்தல பாக்கு வெச்சு வந்து கூப்புடுவாங்க. அந்தத் தடவ கூப்புடல. வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடாத எடத்துக்கு எங்காளுக போகமாட்டோமுங்க. அதுக்கப்புறம் அந்தத் திக்குப் பக்கமே திரும்பல. இத்தன நாளும் மரியாத தெரியாத பயன்னு வஞ்சுட்டிருந்தேன்."

சபரீஷ் மரியாதை தெரியாதவன் இல்லை. மரியாதையை நன்றாகத் தெரிந்தவன். ஒரு தாம்பூலத் தட்டைக் கொண்டுபோகாமல் இருந்தால் போதும், ஒரே நிபுணன் தானாகவே விலகி நிற்பான் என்று கணக்குப் போட்டவன். நல்ல கல் வேறெங்கோ விலைக்குப் போய்விட்டது. கெட்ட கல் அடுப்புக்குள் போனது.

காரில் ஏறியதும் யுஸ்ரா சொன்னாள்: "சார், கோயமுத்தூர்ல இத்தனை டிடெக்டிவ் இருக்க, உங்களை எதுக்குத் தேடிப் பிடிச்சாருன்னு இப்பப் புரியுது. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"எதையும் கண்டுக்காத ஆளு வேணும்னு பார்த்திருக்காரு. உங்க மூஞ்சி அப்படித்தானே சார் இருக்கு ஒரு வருசமா."

சுரேந்தர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். சபரீஷின் கணிப்பில் குறை சொல்ல முடியவில்லை.

"கல்லு மாறுனது தெரிஞ்சுது. மேனேஜருக்குத் தெரிஞ்சுதான் மாறுச்சுங்கறதுக்கு சாட்சி வேணும்," என்றான். "காளிச்சாமி வீடு எங்க?"

*

காளிச்சாமியின் வீட்டில் அவர் மனைவி செல்லாத்தாள் ஒரு மஞ்சள் பைக்குள் துண்டு, வேட்டி, சர்க்கரை மாத்திரை என்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனுக்கு. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

காளிச்சாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "என்னத்துக்குங்க வந்தீங்க? நாந்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டனே. சூட்டை நாந்தான் ஏத்துனேன். பயந்துட்டு ஓடி வந்துட்டேன்."

மனப்பாடம் செய்த பையன் ஒப்பிப்பது போல இருந்தது. சுரேந்தர் அவரைக் கேள்வி கேட்கவில்லை. அடுக்களைச் சுவர் ஆணியில் தொங்கிய தூக்குப்போசியைப் பார்த்தான். மூடியிட்ட எவர்சில்வர் பாத்திரம். ஒரு நெளிசல் இல்லை.

"அக்கா, அன்னைக்கு அண்ணன் சோறு எதுல கொண்டு போனாரு?"

"அதுலதானுங்க."

"வேற போசி இல்லீங்களா?"

"இருந்துச்சுங்க. எல்லாத்தையும் ஆலையிலயே மறந்து உட்டுப்போட்டு வந்துருவாரு. இவர வையாத நாளில்ல. மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்."

"இது எப்படி வீட்டுக்கு வந்துச்சு?"

செல்லாத்தாளின் கை பைக்குள்ளேயே நின்றது. "ஆஸ்பத்திரி வாசல்ல... கையில புடிச்சுட்டு நின்னாருங்க."

"மேல்தளத்துல இருந்த எல்லாம் உருகிப்போச்சு," என்றான் சுரேந்தர். "நாற்காலிகூட மிஞ்சல. தினமும் போசிய மறக்கற மனுசன், உயிருக்குப் பயந்து ஓடும்போது மட்டும் ஞாபகமா எடுத்துட்டு ஓடினாரா? காளிச்சாமியண்ணா, நீங்க ஓடல. நடந்துதான் இறங்கியிருக்கறீங்க. வெடிக்கறதுக்கு முன்னாலயே. உங்களை யாரோ இறங்கச் சொல்லியிருக்காங்க."

காளிச்சாமி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். செல்லாத்தாள் அவரையே பார்த்தாள். தெருவில் ஜீப் திரும்புவது போல ஒரு சத்தம் கேட்டது. பால் வண்டிதான் என்று யுஸ்ரா எட்டிப் பார்த்துத் தலையசைத்தாள்.

"சொல்லுங்க," என்றாள் செல்லாத்தாள். "எங்கிட்டயும் ஓடி வந்தேன்னுதான் சொன்னீங்க. சொல்லுங்க."

துண்டுக்குள்ளிருந்தே அவர் பேசினார்.

"இரும்பு ஒரு பக்கம் செவக்குதுன்னு அந்தப் புள்ளதானுங்க மொதல்ல பாத்துச்சு. மேனேஜருக்குப் போன் போட்டுச்சு. கையில உறை, சுத்தியும் எரைச்சல், அதனால ஸ்பீக்கர்ல போட்டுச்சு. 'சார், பூசை அன்னைக்கே மஞ்சள் செவந்துச்சு, கேட்டேன், குங்குமம்னு சொல்லி மூடிட்டீங்க. இது ராசப்பன் கல்லே இல்ல, அடுப்ப நிறுத்தறேன்'னுச்சு. அவரு, 'நிறுத்தினீன்னா கல்லப் பிரிச்சுப் பாப்பாங்க. வாய மூடிட்டு ஓட்டு'ன்னாரு. புள்ள போன வெச்சுட்டு, நிறுத்தற வால்வத் திருப்பப் போச்சு. நான் வாரேன்னேன். வேண்டாம்னுருச்சு."

யுஸ்ராவின் போன் பதிவு செய்துகொண்டிருந்தது.

"அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாருங்க மேனேஜரு. 'வேலை எடத்த உட்டு எறங்கி வந்திருக்கற. கையில சோத்துப்போசி வேற. ஒரு பொண்ணு வேகறப்ப போசியத் தூக்கிட்டு வந்தவன்னு ஊரே துப்பும். நான் சொல்றதுல கையெழுத்துப் போடு'ன்னாரு. அந்தப் போசியப் பாத்தேன். போட்டுட்டேன். இதுக்கு ஓடி வந்தேன்னு சொல்றதே மேலுங்க."

இப்போது வந்தது ஜீப்தான். வாசலில் நின்றது. யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட இதை இப்படியே சொல்லுவீங்களா?" என்றான் சுரேந்தர்.

காளிச்சாமி செல்லாத்தாளைப் பார்த்தார். அவள் மஞ்சள் பையிலிருந்து வேட்டியை வெளியே எடுத்து, மடித்து, மறுபடி அலமாரியில் வைத்தாள். அவர் தலையசைத்தார்.

சுரேந்தர் எழுந்தான். வழக்குக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை. யுஸ்ரா கதவருகே போய்விட்டாள். ஆனாலும் அவன் நின்றான். கேட்காமல் போனால், சபரீஷ் சொன்னதுதான் அவளுடைய கடைசிப் பேச்சாக எங்காவது நின்றுவிடும்.

"அண்ணா. வால்வுக்குப் போறதுக்கு முன்னால, கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

காளிச்சாமி ஆணியில் தொங்கிய பாத்திரத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"'நீங்க எறங்குங்கண்ணா. தூக்குப்போசிய எடுத்துக்குங்க, இன்னிக்கும் மறந்தீங்கன்னா அக்கா வைவாங்க.'"